மலைக் கிராமங்களுக்கு மிஷன் டிரிப்: சபைக் குழுக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கொல்லிமலை, கல்வராயன்மலை, ஜவ்வாதுமலை, பச்சைமலை, சித்தேரிமலை. தமிழ்நாட்டுச் சபைகளிலிருந்து வாலிபர் குழுக்கள் மிஷன் டிரிப் என்று போகிற மலைகள் பெரும்பாலும் இவைதான். உங்கள் சபையிலும் அப்படி ஒரு பாரம் வந்து, எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தால் இதை முழுக்கப் படியுங்கள். வேனும் கிட்டாரும் ஏற்பாடு செய்வது சுலபமான வேலை. அந்த மலையில் வருடம் முழுக்கக் குடியிருக்கிற ஒரு ஊழியருடைய வேலைக்கு மூன்று நாள் கைகொடுக்கத்தான் நாம் போகிறோம் என்பதைக் குழுவில் ஒவ்வொருவரும் உணர வேண்டும், அதுதான் கடினம். கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த ஒரு எண்ணத்திலிருந்து வந்தவைதான்.

முதலில்: யாரிடம் போகிறீர்கள்?

எந்த மலைக்குப் போவது என்பதை வைத்துத் தொடங்காதீர்கள். அங்கே ஏற்கெனவே தங்கி ஊழியம் செய்கிற ஒருவரைக் கண்டுபிடியுங்கள். அவர் மிஷனெரியாக இருக்கலாம், மலையிலேயே பிறந்து வளர்ந்த போதகராக இருக்கலாம், சின்ன ஆஸ்பத்திரி நடத்துகிற நர்ஸாகக்கூட இருக்கலாம். ஆள் இல்லாத ஊருக்கு நேராகப் போய் இறங்கினால், நீங்கள் கிளம்பின பிறகு அந்த ஊரில் கேள்வி கேட்கிறவருக்குப் பதில் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

இப்படி ஆட்களைத் தேடுவது நமக்குப் புதிது இல்லை. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் 1903-ல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு தேசத்து தோர்ணக்கல் வரை நம் ஆட்களையே அனுப்பினார்கள். 1959-ல் பிறந்த ஃபிரெண்ட்ஸ் மிஷனெரி பிரேயர் பேண்ட் தன் பணியைத் தொடங்கியதும் தர்மபுரிப் பக்கத்துப் பெரியமலையில்தான். உங்கள் சபை எந்த மிஷனெரி சங்கத்துக்குக் காணிக்கை அனுப்புகிறதோ, அந்த அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டாலே "இந்தப் பணித்தளத்துக்குக் குழு வந்தால் உபயோகமாக இருக்கும், இதற்கு வேண்டாம்" என்று சொல்லிவிடுவார்கள். வேண்டாம் என்று சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சில ஊர்களில் அப்போது பதற்றம் இருக்கலாம், வெளியாட்கள் கூட்டமாக வந்தால் அங்கிருக்கிற நாலு விசுவாசிக் குடும்பங்களுக்குத்தான் தொல்லை.

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் ஒரு குடும்பத்தின் கதையைக் கட்டாயம் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனெரியும் அவர் மனைவி ஈவ்லினும் 1913-ல் திருமணம் முடித்து அந்த மலையிலேயே குடியேறினார்கள். அப்போது அங்கே மோட்டார் சாலை கிடையாது. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், விவசாயம் கற்றுக்கொடுத்தார்கள், தச்சுவேலை சொல்லிக்கொடுத்தார்கள். உடம்புக்குள் நீளமான புழு வளர்கிற நரம்புச் சிலந்தி நோய் மலைமக்களை வதைத்துக்கொண்டிருந்த காலம் அது. காலில் புண்ணோடு தண்ணீரில் இறங்குகிறவரிடமிருந்து புழுவின் குஞ்சுகள் தண்ணீருக்குப் போகும், அதைக் குடிக்கிறவருக்கு மறுபடி நோய் வரும். கிணற்றுக்குள் ஆள் இறங்காதபடி சுவர் கட்டுங்கள், குடிதண்ணீரைத் துணியில் வடிகட்டுங்கள் என்று ஊர் ஊராகத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அத்தனைக்கும் நடுவில் வருடக்கணக்காக ஒருவர்கூட விசுவாசத்துக்கு வரவில்லை. 1929-ல் ஜெஸ்ஸி மலேரியா முற்றி அங்கேயே இறந்துபோனார். 1914-ல் அவர்களுக்குப் பிறந்த மகன் பால் பிராண்ட்தான் பிற்காலத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் கைகளை அறுவைசிகிச்சை செய்து மறுபடி வேலை செய்ய வைத்த டாக்டர். ஈவ்லின் அம்மாவோ, மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்த பிறகும் எழுபது வயதைத் தாண்டி மலைக்கே திரும்பினார், மட்டக்குதிரையில் ஏறிக் கல்வராயன்மலை, பச்சைமலை என்று சுற்றினார், 95 வயதில் 1974-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

குழுவின் முதல் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள். மூன்று நாளில் எவ்வளவு சாதிக்கலாம் என்ற கணக்கு தானாகவே அடங்கிவிடும்.

அவர் என்ன கேட்கிறார்?

ஊழியரிடம் "நாங்கள் வி.பி.எஸ். (சிறுவர் விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்துகிறோம், ஸ்கிட் போடுகிறோம், மெடிக்கல் கேம்ப் வைக்கிறோம், சரியா ஐயா?" என்று கேட்டால், அவர் சரி என்றுதான் சொல்வார். வருகிறவர்களை மனம் நோகவைக்க அவருக்கு மனது வராது. ஆகவே கேள்வியை மாற்றுங்கள். "இந்த வருடம் உங்களுக்கு எந்த வேலைக்கு ஆள் பற்றவில்லை?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். முடிந்தால் உங்கள் குழுவிலிருந்து இரண்டு பேர் மட்டும் ஒரு மாதம் முன்னால் போய், ஒரு ராத்திரி தங்கி, அவரோடு நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். போனில் கிடைக்காத பதில் அப்போது கிடைக்கும்.

வருகிற பதில்கள் பெரும்பாலும் மேடையில் ஏறாத வேலைகளாக இருக்கும். ஜெபவீட்டின் கூரை ஒழுகுகிறது. விடுதியில் கழிப்பறைக் குழி நிரம்பிவிட்டது. ஊழியர் குடும்பம் ஒரு வருடமாக மலையைவிட்டு இறங்கவில்லை, நாலு நாள் யாராவது ஆராதனையையும் விடுதிப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டால் சொந்த ஊருக்குப் போய் அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு வருவார்கள். இந்தக் கடைசி உதவியைச் செய்கிற குழுக்கள் மிகவும் குறைவு. ஊழியரின் மனைவியோடு உட்கார்ந்து ஒரு மத்தியானம் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பதற்காகவே இரண்டு அக்காமாரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று, விண்ணப்பங்கள். நம் குழுக்களில் கம்ப்யூட்டர் படித்தவர்கள் நிறைய. மலையில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைப்பது, இவை ஒவ்வொன்றும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கீழே இறங்கி அலைகிற வேலை. பழங்குடியினர் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் அலுவலகம் வரை போக வேண்டும். 2006-ன் வன உரிமைச் சட்டப்படி தாங்கள் உழுகிற நிலத்துக்கு உரிமை கேட்டு கிராமசபை வழியாக மனு கொடுக்க முடியும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருக்காது. மே மாதம் லேப்டாப்போடு நாலு பேர் ஜெபவீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, யார் வந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், விண்ணப்பம் போட்டுக்கொடுத்தால் அந்த ஊர் அதை மறக்காது.

சட்டம், அனுமதி

இதைச் சோம்பலாகத் தாண்டிப் போகாதீர்கள், பின்னால் கஷ்டப்படப் போவது ஊழியர்தான்.

அரசியலமைப்பின் 25-வது பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. அந்த உரிமை இன்னொருவரை மதம் மாற்றுகிற உரிமை ஆகாது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் ஒடிசாவில் 1967 முதலே அப்படிச் சட்டம் இருக்கிறது, குஜராத்தில் 2003 முதல், உத்தரப் பிரதேசத்தில் 2021 முதல். வடக்கே மலைப் பணித்தளங்களுக்குப் போகிற குழுக்கள் அந்த மாநிலத்து நிலவரத்தை அங்கேயிருக்கிற ஊழியரிடம் கேட்காமல் டிக்கெட்டே போடக்கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், பொருளையோ மருந்தையோ காட்டி ஒருவரை ஜெபத்துக்கு இழுப்பது ஆண்டவருடைய வழி இல்லை.

மலேசியா, சிங்கப்பூர், அமெரிக்காவிலிருந்து உறவினர்கள் சேர்ந்துகொள்வதாகச் சொன்னால் கவனமாக இருங்கள். சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் பண்ண முடியாது, அதற்கு மிஷனெரி விசா தனியாக இருக்கிறது. ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவர்களும் மிஷனெரி வேலைக்குச் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும் என்று 2021-ல் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் சபைக்குப் பணம் அனுப்புவதாக இருந்தால், சபைக்கு 2010-ன் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறை) சட்டப்படிப் பதிவு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பணத்தை அன்போடு மறுத்துவிடுங்கள்.

ஊருக்குள் அனுமதி இதைவிட முக்கியம். ஊர்க்கவுண்டர், பஞ்சாயத்துத் தலைவர் இருவரையும் ஊழியர் முன்கூட்டியே பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும், போனதும் நீங்களும் நேரில் போய் வணக்கம் சொல்ல வேண்டும். ஸ்பீக்கர் வைப்பதற்குப் போலீஸ் அனுமதி வேண்டும், ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை அனுமதியே கிடையாது. என்னைக் கேட்டால் மலைக் கிராமத்துக்கு ஸ்பீக்கரே வேண்டாம், முப்பது வீட்டு ஊரில் வாயால் பாடினாலே கடைசி வீட்டுக்குக் கேட்கும். காட்டுப் பாதையில் நடந்து போகிற ஊராக இருந்தால் வனத்துறையிடமும் கேட்டுவிடுங்கள், காப்புக்காட்டுக்குள் இஷ்டத்துக்கு நுழைய முடியாது.

உள்ளூர்க் காவல் நிலையத்தில் பெயர்ப் பட்டியலும் வண்டி எண்ணும் கொடுத்துவிட்டுப் போவது நல்லது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஜவ்வாதுமலை, கல்வராயன்மலை, சித்தேரி ஆட்களை ஆந்திரத்துக்குச் செம்மரம் வெட்ட ஏஜெண்டுகள் வண்டியில் ஏற்றிப்போன வரலாறு உண்டு. 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில் போலீஸ் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள், எல்லாரும் இந்தப் பக்கத்துக் கூலி ஆட்கள். முன்பின் தெரியாத வேன் ஊருக்குள் வந்தால் போலீசும் பார்க்கும், ஊரும் பயப்படும். அந்தப் பயத்துக்கு மரியாதை கொடுங்கள்.

எப்போது போவது

அக்டோபர் முதல் டிசம்பர் நடுவரை வடகிழக்குப் பருவமழை, மண்சரிவு வரும், மலைப்பாதை மூடும். அதைத் தவிர்த்துவிடுங்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் ஆயிரம் மீட்டருக்கு மேலே நல்ல குளிர், ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. அந்த மாதங்களில் ஜவ்வாதுமலை, கல்வராயன்மலை ஊர்களிலிருந்து நிறையப் பேர் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் கேரளத்துக்கும் வேலைக்குப் போயிருப்பார்கள், ஊரில் தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும்தான் இருப்பார்கள். பெரியவர்களைப் பார்க்க வேண்டும் என்றால் எந்த மாதம் ஊர் நிறைந்திருக்கும் என்று ஊழியரைக் கேளுங்கள், ஊருக்கு ஊர் மாறும்.

பள்ளி விடுமுறை என்பதால் குழுக்கள் மே மாதத்தைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. அதே மாதம் பல ஊர்களில் கோயில் திருவிழா. திருவிழா நாளில் போய் நிற்காதீர்கள். கொல்லிமலையில் ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் கூட்டம் கூட்டமாக வருவார்கள், எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி ஊர்ந்துதான் போகும்.

குழுவைச் சேர்ப்பது

பத்து பன்னிரண்டு பேர் போதும். நாற்பது பேர் போனால் ஊரில் இருக்கிற தண்ணீரெல்லாம் உங்களுக்கே தீர்ந்துவிடும். பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும், குறைந்தது மூன்று பேர். வீடுகளில் பெண்களிடம் பேசவும் பிள்ளைகளோடு இருக்கவும் அவர்களால்தான் முடியும். நாற்பது வயதுக்கு மேற்பட்ட இரண்டு பேராவது வரட்டும், வெறும் கல்லூரிப் பிள்ளைகளாகப் போனால் ஊர்ப் பெரியவர்கள் யாரிடம் பேசுவது என்று தெரியாமல் நிற்பார்கள்.

கிளம்புவதற்கு முன் நாலைந்து வாரம் தொடர்ந்து கூடுங்கள். ஜெபம், அந்த மலையைப் பற்றிப் படிப்பது, வேலையைப் பிரிப்பது. கணக்குக்கு ஒருவர், முதலுதவிக்கு ஒருவர், சமையலுக்கு இருவர், ஊழியரோடு பேசுவதற்கு ஒரே ஒருவர். பத்துப் பேரும் ஊழியருக்கு வாட்ஸ்அப்பில் மெசேஜ் போட்டால் அவர் என்ன செய்வார், அங்கே டவர் கிடைப்பதே பாறை மேல் ஏறினால்தான்.

இந்த மலைகளில் இருக்கிற பெரும்பான்மை மக்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்து கேரளக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பேசுவது தமிழ், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களே வாய்வழியாகச் சொல்லிவருகிறார்கள். சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி, பலா, அன்னாசி, மிளகு, காப்பி என்று மலைக்கு மலை விளைச்சல் மாறும். கேட்டால் சந்தோஷமாக விளக்குவார்கள். பழங்குடி என்ற அந்தஸ்து மதத்தோடு கட்டப்பட்டது இல்லை என்பதையும் குழு தெரிந்திருக்க வேண்டும். கிறிஸ்தவரானால் பட்டியல் சாதி அந்தஸ்து போய்விடும் என்று தலித் கிறிஸ்தவர்களுக்கு இருக்கிற சிக்கல் வேறு, இதையும் அதையும் குழப்பி யாருக்கும் தவறான தகவல் சொல்லிவிடாதீர்கள்.

பணம்

வண்டிக்குத்தான் பெரும்பகுதி போகும். வருகிறவர் ஒவ்வொருவரும் தன் பங்கைக் கட்டட்டும், முடியாத பிள்ளைகளுக்குச் சபை உதவட்டும். தங்கும் நாட்களுக்கான அரிசி, பருப்பு, எண்ணெய், விறகுச் செலவை முதல் நாளே ஊழியரின் வீட்டம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். கடைசி நாள் கவரில் போட்டுக் கொடுப்பது நமக்கு மரியாதையாகத் தெரியும், அவர்களோ அதற்குள் கடையில் கடன் சொல்லியிருப்பார்கள். காய்கறி, மளிகையை முடிந்தவரை மலையிலேயே வாங்குங்கள், அங்கே கடை வைத்திருப்பவருக்கு நாலு காசு போகட்டும்.

ஊரில் தனித்தனி ஆட்களுக்குப் பணம் கொடுக்கவே கூடாது. ஒரு வீட்டின் கஷ்டம் உங்கள் நெஞ்சை உலுக்கினால், ஊழியரிடம் சொல்லுங்கள், சபையில் சொல்லி அவர் வழியாகச் செய்யுங்கள். ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு வேன் ஏறிவிட்டால், அடுத்த வீட்டுக்காரர் வருத்தம் முழுவதையும் ஊழியர்தான் சுமக்க வேண்டும்.

எடுத்துப் போவதும் எடுத்துப் போகாததும்

பழைய துணி மூட்டை வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். பொத்தான் இல்லாத சட்டையும் சாயம் போன சுடிதாரும் யாருக்கும் சந்தோஷம் தராது, கடைசியில் ஜெபவீட்டு மூலையில் எலி கடித்துக்கொண்டிருக்கும். கொடுக்க வேண்டும் என்றால் புதிதாக, ஊழியர் சொன்ன அளவில், சொன்ன எண்ணிக்கையில் வாங்குங்கள். கம்பளிப் போர்வை, டார்ச், மழைக்கோட்டு, பள்ளிப் பை போன்றவை உபயோகப்படும். பள்ளிப் பொருட்களை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியின் தலைமையாசிரியர் வழியாகக் கொடுத்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் போய்ச்சேரும்.

குழுவுக்கு: கொசுவலை, போர்வை, டார்ச், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், பாரசிட்டமால், கட்டுத்துணி, வாந்தி மாத்திரை, அவரவர் வழக்கமான மருந்து, பெண்களுக்கு வேண்டிய நாப்கின், அதைச் சுற்றித் திரும்பக் கொண்டுவரப் பேப்பர் பைகள். தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது, தட்டும் டம்ளரும் எவர்சில்வரில் எடுத்துப்போய்க் கழுவிக்கொள்ளுங்கள்.

வண்டியைப் பொறுத்தவரை ஒரே விதி: மலையில் ஓட்டிப் பழகிய டிரைவர், பகலில் மட்டும் பயணம். இறக்கத்தில் சின்ன கியரில் வராமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும், சமவெளி டிரைவர்கள் பலருக்கு இது பழக்கம் இருக்காது.

தரையில் படுக்கிறவர்கள் கொசுவலையை விரிப்புக்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள், கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். கடித்துவிட்டால் கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது. கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எது பக்கத்து ஆஸ்பத்திரி, எவ்வளவு நேரமாகும் என்பதைக் கிளம்பும் முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும். திரும்பி வந்து ஒன்றிரண்டு வாரத்தில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், மலைக்குப் போய்வந்ததை டாக்டரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலாக இருந்தால் சரியான மாத்திரையில் சீக்கிரம் குணமாகும், கண்டுபிடிக்கத் தாமதமானால் ஆபத்து.

ஊருக்குள் நடந்துகொள்வது

கீழேயிருந்து போகிறவர்கள் மலைக்காரர்களை, அவர் எத்தனை பெரியவராக இருந்தாலும், "வா, போ" என்று பேசுகிற ஒரு கெட்ட பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. கடைக்காரரும் அப்படிப் பேசுவார், அதிகாரியும் அப்படிப் பேசுவார். உங்கள் குழுவில் ஒருவர் வாயிலிருந்தும் அது வரக்கூடாது. ஐயா, அம்மா, அண்ணா, அக்கா, பாட்டி, நீங்க, வாங்க. எந்த ஸ்கிட்டும் பிரசங்கமும் சொல்லாததை இது சொல்லும்.

சில ஊர்களில் ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கமாட்டார்கள். கொடைக்கானல் மலையில் இருக்கிற வெள்ளகவி இதற்குப் பெயர் போனது. எங்கே கழற்ற வேண்டும் என்று கேட்டுக் கழற்றுங்கள். சாமி காட்டுக்குள் போகாதீர்கள், கோயில் மரத்தடியில் கிட்டார் வாசிக்காதீர்கள், அவர்கள் கும்பிடுவதைப் பிசாசு என்று ஜெபத்தில்கூடச் சத்தமாகச் சொல்லாதீர்கள். வீட்டில் என்ன கொடுத்தாலும் சாப்பிடுங்கள். இயேசு எழுபது பேரை அனுப்பினபோது, வைத்ததைச் சாப்பிடுங்கள், வீட்டுக்கு வீடு மாறாதீர்கள் என்றுதானே சொன்னார். சாமைச் சோறும் புளிக்குழம்பும் வைத்துவிட்டு ஒரு பாட்டி நீங்கள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், மிச்சம் வைக்காதீர்கள்.

போட்டோ விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். குழுவில் ஒருவர் மட்டும் எடுக்கட்டும், கேட்டுவிட்டு எடுக்கட்டும். மூக்கு ஒழுகும் குழந்தை, கிழிந்த சட்டை, இடிந்த குடிசை, இவற்றை எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது அந்த வீட்டாருக்கு அவமானம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கையிலும் போன் இருக்கிறது, எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களின் முகமும் ஊர்ப் பெயரும் எந்தப் பதிவிலும் வரவே கூடாது.

மெடிக்கல் கேம்ப் வைப்பதானால்

பதிவு பெற்ற டாக்டர் இல்லாமல் வைக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள், கிராம சுகாதார செவிலியரைக் கூட வந்து உட்காரச் சொல்லுங்கள். யார் கர்ப்பமாக இருக்கிறார்கள், யாருக்கு என்ன மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

பிரஷர் மாத்திரை பத்து நாளுக்குக் கொடுத்துவிட்டு வருவதால் என்ன பிரயோஜனம்? பதினோராவது நாள் என்ன செய்வார்? 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க வழி இருக்கிறது. நீங்கள் கண்டுபிடித்த ஆட்களை அந்தப் பட்டியலில் சேர்ப்பதுதான் கேம்பின் உண்மையான வேலை. குடற்புழு மாத்திரையைப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அரசே கொடுக்கிறது, கேட்காமல் நீங்களும் கொடுக்காதீர்கள். வீட்டில் மிச்சம் கிடந்த மாத்திரைகளை வசூலித்துக்கொண்டு போவது கூடவே கூடாது. "ஊசி போடுங்க டாக்டர்" என்று கேட்பார்கள், தேவையில்லை என்றால் பொறுமையாக விளக்குங்கள்.

எனக்குப் பிடித்தது கண் கேம்ப். நாற்பது தாண்டியவர்களுக்குப் பக்கத்துப் பார்வை மங்கும், அரிசியில் கல் பொறுக்கவும் ஊசியில் நூல் கோர்க்கவும் கஷ்டப்படுவார்கள், ஒரு சாதாரண வாசிப்புக் கண்ணாடி அதே நிமிடம் பலன் கொடுக்கும். கண்புரை இருப்பவர்களைக் கூட்டிப்போய் அறுவைசிகிச்சை முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விட, கண் மருத்துவமனைகளோடு முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

வரிசையில் நிற்கிறவர்களிடம் கைப்பிரதி கொடுக்காதீர்கள். மருந்துக்கு வந்தவர் மருந்தோடு போகட்டும். ஜெபம் வேண்டும் என்று அவரே கேட்டால், தனியாக உட்கார்ந்து மனதார ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு மாத்திரையை நிறுத்தச் சொல்வது மட்டும் ஒருபோதும் நடக்கக்கூடாது, அது உயிரோடு விளையாடுவது.

பிள்ளைகளோடு

வி.பி.எஸ். நடத்துகிறீர்கள் என்றால் பெற்றோர் சம்மதம் வாங்கிவிட்டு, ஊர் நடுவில், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் நடத்துங்கள். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக்கூடாது, எப்போதும் இருவராக இருங்கள். இது குழுவில் இருக்கிறவர்களைச் சந்தேகப்படுவது ஆகாது, பிள்ளையையும் உங்களையும் பாதுகாக்கிற ஒழுங்கு. விடுதியில் தங்கினால் பிள்ளைகளின் அறைக்குள் போகாதீர்கள். ஏதாவது ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னால், கேட்டுவிட்டு மூடிமறைக்காமல் 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டப்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம்.

கைநிறைய மிட்டாய் இறைக்காதீர்கள். ஒரு பாட்டை முழுதாகக் கற்றுக்கொடுங்கள், ஒரு விளையாட்டை விளையாடுங்கள், அவர்களிடமிருந்தும் ஒரு பாட்டைக் கற்றுக்கொள்ளுங்கள்.

சுவிசேஷத்தைப் பற்றி

நான் இயேசுவை நம்புகிறவன், அவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது என்று உணர்கிறவன். அதனால்தான் இதைச் சொல்கிறேன்: அவசரப்படுத்தாதீர்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து "நீங்க ஏன் இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கேட்பார். அப்போது உங்கள் வாழ்க்கையில் ஆண்டவர் செய்ததை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். கைதூக்கச் சொல்லி எண்ணாதீர்கள், கூட்டத்தில் முன்னால் வரச் சொல்லாதீர்கள். ஊர் முன்னால் ஒரு முடிவைச் சொல்கிறவர் கல்யாணம், சாவு, திருவிழா வரி, பங்காளிகள் என்று எத்தனையோ உறவுகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அந்தப் பாதையில் அவரோடு நடக்கப்போவது ஊழியர். ஞானஸ்நானம் பற்றிய பேச்சை முழுக்க அவரிடம் விட்டுவிடுங்கள்.

திரும்பி வந்த பிறகு

முதல் வாரத்துக்குள் கணக்கை முடித்துச் சபையில் வாசியுங்கள், மீதி இருந்தால் பணித்தளத்துக்கு அனுப்புங்கள். சாட்சி சொல்லும்போது ஊரின் வறுமையை மட்டும் சொல்லாதீர்கள், அங்கே பார்த்த நல்லவற்றையும் சொல்லுங்கள்: ஒரு வீட்டில் சாவு என்றால் அன்றைக்கு ஊரே வேலைக்குப் போகாமல் இருப்பது, விதை இல்லாதவருக்குப் பக்கத்து வீட்டார் கொடுப்பது.

கேம்பில் யாருக்கெல்லாம் மேல்சிகிச்சை எழுதிக் கொடுத்தீர்களோ, அந்தப் பட்டியலை ஒருவர் பொறுப்பேற்று மாதம் ஒருமுறை ஊழியரோடு பேசிச் சரிபார்க்க வேண்டும். அனுப்புகிறேன் என்று சொன்ன கண்ணாடி, புத்தகம், போட்டோ பிரிண்ட் எல்லாவற்றையும் அனுப்புங்கள். பிள்ளைகள் வாக்குக் கொடுத்தவரின் பெயரையும் சேர்த்து ஞாபகம் வைத்திருப்பார்கள்.

அடுத்த வருடம் வேறு மலையைத் தேடாதீர்கள், அதே ஊருக்குப் போங்கள். குறைந்தது ஐந்து வருடத்துக்கு ஒரே பணித்தளம் என்று சபைக் கமிட்டியில் தீர்மானம் போட்டுவிட்டால், ஆட்கள் மாறினாலும் வேலை தொடரும். நடுவில் ஜூன் மாதம் கல்லூரிச் சேர்க்கை நடக்கும்போது இரண்டு பேர் மட்டும் லேப்டாப்போடு பஸ்ஸில் போய்விட்டு வரலாம், அதற்கு வேனும் வேண்டாம், குழுவும் வேண்டாம். யார் போவது என்பதை இறங்கி வந்த வாரத்திலேயே, எல்லாருக்கும் அந்தப் பிள்ளைகளின் முகம் ஞாபகத்தில் இருக்கும்போதே, பெயர் எழுதி முடிவு செய்துவிடுங்கள்.